கிறிஸ்துமஸ் சேலை கொடுத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி இது: பாலக்கோட்டுப் பக்கம் 60 குடும்பங்கள் உள்ள ஒரு சபை. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் வருஷம் தவறாமல் பிரசங்கத்தில் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலையும் முதியவர்களுக்குப் போர்வையும் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் ஏதாவது செய்யலாம் என்று வாலிபர் கூட்டத்தில் பேச்செடுத்தால், "கிரியையினால் இரட்சிப்பு இல்லை, சுவிசேஷம் சொல்வதுதான் நம் வேலை" என்று மூத்தவர்கள் மறிக்கிறார்கள். எங்கே தொடங்குவது, எவ்வளவு பணம் வேண்டும்?

மூத்தவர்கள் சொல்வதில் பாதி சரி. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியர் 2:8 சொல்கிறது. ஆனால் கிரியைகளினால் அல்ல என்னும் 9-ம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ம் வசனம் காத்திருக்கிறது. யாக்கோபு நிருபத்தை "வைக்கோல் நிருபம்" என்று 1522-ல் எழுதிய சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லுத்தரே, அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, நன்மை செய்யாமல் அதனால் இருக்க முடியாது என்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக அமைப்பும் 1999-ல் கூட்டாகக் கையெழுத்திட்ட அறிக்கையோடு விசுவாசமா கிரியையா என்ற இந்த வழக்கின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. நம் பக்கத்துக்கு வந்தால், 1895-ல் கிருஷ்ணகிரியில் லுத்தரன் ஊழியத்தைத் தொடங்கிய தியோடர் நேதர் 1904-ல் பிளேக் நோயில் இறந்தார். நோய் பரவிய ஊரைவிட்டு அவர் போகவில்லை. "விசுவாசம் மட்டுமே" என்று போதித்த சபைக்காரர் அவர்.

யாக்கோபு கொடுக்கும் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வஸ்திரமும் "அநுதின ஆகாரமும்" இல்லாத ஒருவரை, சமாதானத்தோடே போங்கள் என்று அனுப்பிவிடுவதைப் பற்றி அவர் பேசுகிறார். அநுதினம் என்ற சொல்லில்தான் டிசம்பர் மாதச் சேலை இடறுகிறது. நல்ல சமாரியன் கதையிலும் அப்படித்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதோடு கதை முடிந்திருக்கலாம். அவன் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் "நான் திரும்பிவரும்போது" தருகிறேன் என்கிறான். உங்கள் சபை எதைச் செய்யலாம் என்று யோசிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதே வீட்டுக்கு அடுத்த மாதம் திரும்பிப் போவோமா? போகமாட்டோம் என்றால் அந்தத் திட்டத்தை எடுக்காதீர்கள்.

பணம் செலவில்லாத ஒரு வேலையிலிருந்து தொடங்கலாம். சபையில் உள்ளவர்கள் தங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குப் பாக்கி வைத்திருக்கும் கூலியைக் கொடுத்துவிடுவது. சிரிக்காதீர்கள். தக்காளி பறிக்க வந்தவர்களுக்கு "மண்டியில் காசு வந்ததும் தருகிறேன்" என்பதும், புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களுக்கு எடை போடும்போது ஓடு, நார், ஈரம் என்று கிலோக் கணக்கில் கழிப்பதும், மாங்காய்த் தோப்புக் காவலுக்கு இருக்கும் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அந்தக் கடனைக் காட்டியே வேறு வேலைக்குப் போகவிடாமல் வைப்பதும் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் புதிதல்ல. கடைசியாகச் சொன்னதைச் சட்டம் கொத்தடிமை என்கிறது, 1976 முதல் அது குற்றம். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக்கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது யாக்கோபு 5:4. இரண்டாம் அதிகாரத்தைப் படிக்கிற சபை ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆயர் இதை யார் பெயரையும் சொல்லாமல் அறிவிப்பில் ஒரு வரியாகச் சொன்னால் போதும்: நற்கருணை ஞாயிற்றுக்கு முன் கூலிப் பாக்கி தீர்க்கப்பட வேண்டும். எடைக் கழிவு எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிட்டால் பாதிச் சண்டை இராது.

அடுத்து ஒரு நோட்டு வேண்டும், 40 பக்க நோட்டே போதும். சபைக்கு உள்ளேயும் வெளியேயும், நடந்துபோகும் தூரத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள், படுத்த படுக்கையானவர்கள், காசநோய் மாத்திரை எடுப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், கணவனை இழந்து சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பட்டியலில் நிறையப் பேர் இருப்பார்கள். 30 பெயர் வந்தாலும் 12 பேரை மட்டும் எடுங்கள். ஆறு ஜோடிகள், ஜோடிக்கு இரண்டு வீடு, 15 நாளுக்கு ஒருமுறை. 60 குடும்பச் சபையால் ஒரு வருஷம் மூச்சு வாங்காமல் செய்யக்கூடியது இவ்வளவுதான். 30 வீட்டையும் எடுத்தவர்கள் மூன்றாம் மாதம் நிறுத்தியிருப்பார்கள். தொடங்கிவிட்டு நிறுத்துவது தொடங்காமலே இருப்பதைவிட மோசம், ஏனென்றால் அந்தப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு பேராகப் போவது பழைய ஒழுங்கு. 1833-ல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றுவரை வீடு சந்திப்பை அப்படித்தான் நடத்துகிறது. பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குப் போகும் ஜோடியில் ஒரு பெண் கட்டாயம். முதல் இரண்டு சந்திப்பில் எதையும் கையில் கொண்டுபோக வேண்டாம், எதையும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். என்ன மாத்திரை, யார் தண்ணீர் எடுத்துத் தருகிறார்கள், ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள், பணம் எந்த வங்கியில். நோட்டில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள். அடுத்த முறை வேறு ஜோடி போக நேர்ந்தால் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு அவரைச் சோர்வாக்காமல் இருக்க அதுதான் உதவும்.

இப்படிக் கேட்கும்போது பாதி வீடுகளில் தேவைப்படுவது உங்கள் பணம் இல்லை, அரசு ஏற்கெனவே தர வேண்டியது என்பது தெரியவரும். முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் வேண்டும். விண்ணப்பம் எங்கே சிக்கும் என்றால், ஆதாரில் "மாரியம்மாள்", ரேஷன் அட்டையில் "மாரியம்மா", வங்கியில் இன்ஷியல் வேறு. முதலில் பெயரை ஒன்றாக்குங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். இரண்டாவது சிக்கல் கைரேகை. நாற்பது வருஷம் களை பறித்த, கல் உடைத்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. ஆதார் மையத்தில் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்கலாம். கண் கருவிழிப் பதிவு வைத்துப் பார்க்கும் வசதி எங்கே இருக்கிறதென்று விசாரித்து அழைத்துப் போகலாம். மூன்றாவது, விண்ணப்பித்த எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. நோட்டின் அட்டையிலேயே எழுதுங்கள். நிராகரித்தால் காரணத்தைக் கேட்டு வாங்கி மறுபடி போடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று நடை நடப்பது மூன்று மணி நேர உபவாச ஜெபத்துக்குக் குறைந்ததல்ல.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அதே கணக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் வைத்து ஆட்சியர் அலுவலக மையத்தில் எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அலைவதைவிட, உடம்பு நன்றாக இருக்கும்போதே 12 வீட்டுக்கும் எடுத்துவிடுங்கள்.

உணவு விஷயத்தில் நம் சபைகளுக்குப் பிடியரிசி பழக்கம் உண்டு. உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி சுமார் 40 கிராம். 60 குடும்பத்தில் 45 பேர் ஒழுங்காகப் போட்டால் நாளுக்கு 1.8 கிலோ, மாதம் 54 கிலோ. யாருடைய சம்பளத்திலும் கை வைக்காமல் வருவது. ஆனால் அதைப் பைகளில் கட்டி வீடு வீடாகக் கொடுப்பது இப்போது பொருந்தாது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் குறைவது பருப்பும் எண்ணெயும். தனியாக இருக்கும் 75 வயது அம்மாவுக்கு அரிசி மூட்டையில் இருக்கிறது, பானையை இறக்கத்தான் கையில் பலமில்லை. அவருக்கு வேண்டியது வெந்த சோறு, அல்லது சூடான ஒரு உருண்டை களியும் கீரைக் கடைசலும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தினம் ஒரு தட்டு கூடுதலாகச் சமைக்கட்டும். அந்த வீட்டுக்குப் பிடியரிசியிலிருந்து மாதம் 4 கிலோ அரிசியும், சபை நிதியிலிருந்து ஒரு கிலோ துவரம்பருப்பும் அரை லிட்டர் எண்ணெயும் போகட்டும். திங்கள் முதல் சனி வரை ஒரே வீடு செய்தால் சலித்துவிடும், மூன்று வீடு பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை யார் என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா, பல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சமையுங்கள்.

பிடியரிசி கெட்டுப்போவதற்குக் காரணம் மாதம் ஒருமுறை சேகரிப்பது. வாராவாரம் வாங்குங்கள். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் தனித்தனி டின் வையுங்கள், கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. கலந்துவிட்டதைக் கஞ்சிக்கோ இட்லி மாவுக்கோ ஒதுக்கலாம். நன்கு காய்ந்த வேப்பிலையோ வற்றல் மிளகாயோ போட்டு மூடினால் வண்டு குறையும். ஈர வேப்பிலை போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரிக்கோ போய்ச் சாப்பாடு கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. 100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 10 கிலோ அரிசி, மூன்றரைக் கிலோ துவரம்பருப்பு, 8 முதல் 10 கிலோ காய்கறி. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் கைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஆவி பறக்கும் சூட்டிலேயே பாத்திரத்தில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க பாலிதீன் பையில் கட்டி, மூட்டையாக அடுக்கி, வெயிலில் வண்டியில் கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் நுரைத்துவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். நான் இதை முதல் வேலையாகச் சொல்லமாட்டேன். கூட்டம் சேர்கிறது, படம் எடுக்கிறார்கள், யாருடைய பெயரும் யாருக்கும் தெரிவதில்லை. அதற்குப் போகும் ஆட்களில் ஆறு பேர் ஆளுக்கொரு நோயாளியோடு கூடப் போகட்டும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரு கவரில் போடுவது, புறநோயாளிச் சீட்டு வரிசையில் நிற்பது, மாத்திரை காலையா இரவா என்று அட்டையின் மேல் பேனாவால் எழுதுவது, திரும்பிப் போக வேண்டிய தேதியை நோட்டில் குறிப்பது. அவ்வளவே.

காசநோய் வீட்டுக்கு இது உயிர்ப் பிரச்சனை. சாதாரணச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு ஏறும், கட்டட வேலைக்குப் பெங்களூர் கிளம்பிவிடுவார், மாத்திரை நின்றுபோகும். அப்படி நிறுத்திய நோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பும். மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும்தான் நீங்கள் தவறாமல் போக வேண்டியவை. ஊர் மாறினால் அங்குள்ள அரசு மையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம், கிளம்பும் முன் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவருக்கு மூச்சிரைப்பு என்றால், தூசியால் வரும் சிலிக்கோசிஸும் இருக்கலாம் என்று மருத்துவரிடம் அவருடைய வேலையைச் சொல்லுங்கள்.

பெரிய வெள்ளியன்று ரத்த தான முகாம் வைக்கும் வழக்கம் பரவிவருகிறது. எண்ணம் நல்லது, நாள் தவறு. உபவாசம் இருப்பவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் மயங்கி விழுவார். அதோடு எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால், முழு ரத்தம் சாதாரணமாக 35 நாள்தான் நிற்கும், தட்டணுக்கள் 5 நாள். மே மாத வெயிலில் கல்லூரிகள் மூடியிருக்கும்போதுதான் ரத்த வங்கி வறண்டு கிடக்கும். 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 உள்ளவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். ஆண் 90 நாளுக்கு ஒருமுறை, பெண் 120 நாளுக்கு ஒருமுறை. மாதம் மூன்று பேரை அனுப்புங்கள்.

தண்ணீரைச் சொல்லாமல் நம் மாவட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே நிலத்தடி நீரின் புளோரைடுக்காக. அந்தத் தண்ணீர் வராத நாளில் ஜனம் போர் தண்ணீருக்குத் திரும்புகிறது. சபை வளாகத்தில் போர் இருந்து ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்றால் முதலில் சோதியுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் போனால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்த உப்புகளை மொத்தமாக அளக்கும் டிடிஎஸ் மீட்டர் புளோரைடைத் தனியாகக் காட்டாது. பல்லில் விழும் பழுப்புக் கறை சுமார் எட்டு வயதுக்குள் பல் உருவாகும்போதே ஏற்படுவது, பிறகு தேய்த்துப் போக்க முடியாது. அதனால் நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டுக்கு முதல் குடம். காணிக்கை அதிகம் போடுகிறவர் வீட்டுக்கு இல்லை.

ஆயர் கையில் மட்டுமே உள்ள ஒரு காரியம் கல்யாணம். குழந்தைத் திருமணம் இன்னும் நடக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. சபையில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும் முன் பிறப்புச் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றோ அசலாகப் பார்க்கவேண்டும், பெண்ணுக்கு 18 நிறையாவிட்டால் ஜெபம் செய்து நிச்சயம் பண்ணி வைப்பதும் கூடாது. "நிச்சயம்தானே, கல்யாணம் அப்புறம்" என்பதில்தான் தப்பு நடக்கும். குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொல்பவர் பெயரை வெளியிடமாட்டார்கள். ஆனால் தடுத்ததோடு விட்டால் அந்தப் பெண் அடுத்த மாதம் வேறு ஊரில் கல்யாணமாகிவிடுவாள். பள்ளியில் மறுபடி சேர்த்து, பஸ், விடுதி, நோட்டு எல்லாவற்றுக்கும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும்.

சாதியைப் பற்றி ஒரு வரி: உங்கள் கல்லறைத் தோட்டத்தில் உள்வேலி இருந்தால், மேலே எழுதிய எதையும் செய்யும் முன் அதை எடுங்கள்.

பணத்துக்கு வருவோம். மேலே சொன்ன 12 வீட்டுக்குப் பருப்பு, எண்ணெய், பஸ் கட்டணம், ஜெராக்ஸ், சில மாத்திரை என்று சராசரி வீட்டுக்கு 400 ரூபாய் வைத்தால் மாதம் 4,800. 60 குடும்பத்துக்கு ஆளுக்கு 80 ரூபாய். இதற்குத் தனிப் பெட்டி, இரண்டு பூட்டு, சாவி இரண்டு குடும்பத்தில். செலவுச் சீட்டு இல்லாமல் பணம் எடுக்கக்கூடாது. மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவை அறிவியுங்கள், வாங்கினவர் பெயரை அறிவிக்காதீர்கள். காணிக்கையைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்லாதபடி பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்ப ஏற்பாடு செய்ததை 2 கொரிந்தியர் 8-ல் பார்க்கலாம். பண விஷயத்தில் "நம்ம அண்ணன்தானே" என்று விட்டுவிடுவது அந்த அண்ணனுக்கே கெடுதல்.

படம் எடுக்கும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்னும் மத்தேயு 6:3-ஐ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தினம் மீறுகிறது. கைப்பிரதியும் உதவிப் பையும் ஒரே கையில் போகக்கூடாது. மாத்திரை வேண்டுமானால் ஜெபத்துக்கு உட்கார வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டால் அங்கே இரண்டும் கெட்டது. ஏன் வருகிறீர்கள் என்று அவரே கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பார், ஆறேழு மாதம் ஆகும்.

சேலையை நிறுத்த வேண்டுமா என்றால், வேண்டாம். எதிர்பார்த்திருப்பார்கள். கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். மொத்தமாக ஒரே நிறத்தில் எடுத்த சேலையை உடுத்தினால் அது தானச் சேலை என்று ஊருக்கே தெரியும், அதனால் அது பெட்டியிலேயே கிடக்கும். நவம்பரில் இரண்டு இரண்டு பேராகக் கடைக்குக் கூட்டிப்போய் அவர்களே எடுக்கட்டும், ரவிக்கைத் தையல் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். மிச்சப்படும் தொகையை ஜூனுக்கு வையுங்கள். பள்ளி திறக்கும் அந்த முதல் வாரத்தில்தான் விதவை வீட்டில் ஒரு ரூபாயும் இருக்காது, அந்த மாதத்தில் யாரும் எதுவும் கொடுப்பதும் இல்லை.